கொடிக்கு ஏது கண்?

ஒரு காட்டில் சிலும்பி என்ற தவிட்டுக்குருவிக்குப் பெரிய அநியாயம் நடந்தது. பாம்பைப் பாம்பு என்று சொன்ன குற்றத்துக்காக, சொந்த அக்காக்களே அதைக் கூட்டத்தை விட்டுத் தள்ளி வைத்துவிட்டன.

எப்படி என்று கேளுங்கள், குழந்தைகளே.

தவிட்டுக்குருவிகள் எங்கே போனாலும் கூட்டமாகத்தான் போகும். இந்தக் கூட்டத்தில் ஏழு குருவிகள். மூத்தது பெரியக்கா. பெரியக்கா எதைச் சொன்னாலும் மற்றவை தலையை ஆட்டி, "அதானே!" என்று சொல்லும். யாரும் போட்ட சட்டம் இல்லை. பழகிவிட்டது, அவ்வளவுதான்.

ஒரு நாள் காலை, வேங்கை மரத்தில் பூஞ்சி என்ற குருவியின் கூட்டுக்குக் கீழே, பச்சையாக ஏதோ தொங்கியது. கூட்டுக்குள்ளே கண்கூடத் திறக்காத குஞ்சுகள்.

"சீந்தில்கொடி படர்ந்திருக்கு. குஞ்சுகளுக்கு நல்ல நிழல்!" என்றது பெரியக்கா.

"அதானே!"

சிலும்பி தலையைச் சாய்த்துப் பார்த்தது. "பெரியக்கா, கொடிக்கு ஏது கண்ணு?"

"அது பனித்துளி."

"அதானே!"

"பனித்துளி நாக்கை நீட்டுமா? அது பாம்புக்கா!"

பெரியக்காவின் இறகுகள் சிலிர்த்தன. "இத்தனை பேரும் குருடு, இவளுக்கு மட்டும்தான் கண்ணு! இனிமே எங்க வரிசையில உனக்கு இடமில்லை, போடி!"

"அதானே!" என்றன மற்றவை. பூஞ்சியும் சொன்னது. அதுதான் சிலும்பிக்குத் தாங்கவில்லை.

தவிட்டுக்குருவிகள் தூங்கும்போது ஒரே கிளையில் ஒன்றையொன்று உரசிக்கொண்டு வரிசையாக உட்காரும். அந்தச் சூடு இல்லாமல் சிலும்பி பக்கத்து மரத்தில் தனியாக நடுங்கியது. கோபம் கோபமாக வந்தது. ஆனால் கோபத்தைவிட ஒரு கேள்விதான் அதை அதிகம் குடைந்தது. அத்தனை கண்களுக்கும் எப்படித் தெரியாமல் போகும்?

மறுநாள் பச்சைக்கொடி கூட்டுக்கு இன்னும் நெருங்கியிருந்தது. ஒற்றைக் குருவி கத்தினால் பாம்பு திரும்பிக்கூடப் பார்க்காது. கூட்டமே சேர்ந்து கத்தினால்தான் ஓடும். என்ன செய்வது?

சிலும்பி, புழு கொத்திக்கொண்டிருந்த மொந்தியிடம் போனது. மொந்தி சாப்பாட்டுப் பிரியை.

"உண்மையைச் சொல்லு மொந்தி, அது கொடியாவா தெரிஞ்சுது?"

மொந்தி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தது. "நான் எங்கடி பாத்தேன்? எல்லாரும் அதானேன்னாங்க, நானும் அதானேன்னேன். வாயில புழு வேற இருந்துச்சு."

பூஞ்சியோ கேட்டதுமே அழுதுவிட்டது. "நெளிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு சிலும்பி. ஆனா எல்லாரும் கொடின்னா, என் கண்ணுலதான் கோளாறோன்னு..."

'ஓகோ! தப்பு கண்ணுல இல்லை' என்று நினைத்தது சிலும்பி. 'வாயைக் கேட்டால் ஒன்று போலத்தான் சொல்லுவார்கள். கால்களைக் கேட்டுப் பார்க்கணும்.'

நேராகப் பெரியக்காவிடம் போய்த் தலை குனிந்தது. "அக்கா, தப்பு என் மேலதான். அது கொடியேதான். எல்லாரும் அதுல உக்காந்து ஊஞ்சல் ஆடலாமா? ஒவ்வொருத்தரா."

"அப்படி வா வழிக்கு!" என்றது பெரியக்கா. பிறகு, "மொந்தி, நீ முதல்ல போ" என்றது.

"நானா? நான் உக்காந்தா கொடி அறுந்துடும். பெரியவங்க நீங்க போங்கக்கா."

"எனக்குக் கால்ல முள்ளு. நீ போடி."

"எனக்குத் தலை சுத்துது" என்றது வேறொரு குருவி.

"எனக்கு ஊஞ்சலே பிடிக்காது" என்றது இன்னொன்று.

இவை இப்படித் தள்ளிக்கொண்டிருக்க, பச்சைத் தலை ஒன்று கூட்டின் விளிம்புக்கு மேலே மெல்ல எழுந்தது.

"ஐயோ, பாம்பு! என் பிள்ளைங்க!" என்று கத்தியது பூஞ்சி.

"பாம்பு!" என்றது சிலும்பி.

இரண்டு குரல் கேட்டதுதான் தாமதம், மற்றவற்றுக்கும் தொண்டை திறந்துகொண்டது. "பாம்பு! பாம்பு!" என்று ஏழும் சேர்ந்து பாய்ந்து கொத்தின. பாம்பு சரசரவென்று இறங்கிப் புதருக்குள் ஓடியே போயிற்று. குஞ்சுகள் பிழைத்தன.

பெரியக்கா இறகைக் கோதிக்கொண்டது. "நாம அப்பவே பாம்புன்னுதானே சொன்னோம்?"

"அதானே!" என்றது மொந்தி. இந்த முறை மற்றவை வாயைத் திறக்கவில்லை.

பெரியக்கா தொண்டையைக் கனைத்துக்கொண்டது. "சரி சரி. சிலும்பி, வா. வரிசைக்கு நடுவுல, சூடா, உனக்குத்தான் இடம்."

சிலும்பி சொன்னது: "இல்லையே பெரியக்கா. பாம்புன்னு சொன்னது நான். கொடின்னு சொன்னது நீங்க, அதானேன்னு சொன்னது இவங்க. வரிசைக்கு வரேன், ஆனா ஓரத்துலதான் உக்காருவேன். நடுவுல உக்காந்தா பக்கத்துல இருக்கறவங்க இறகுதான் தெரியும். ஓரத்துல உக்காந்தாத்தான் மரம் தெரியும்."

நீதி: எல்லாரும் ஒன்றைச் சொல்வதால், எல்லாரும் அதைப் பார்த்துவிட்டார்கள் என்று ஆகாது.