தைலம் குடித்த குப்பிகள்

நம் தாத்தாக்களின் தாத்தாக்கள்கூடப் பிறக்காத காலம் அது. யூதேயா நாட்டில், உப்புக்கடல் ஓரத்தில், எலாசா என்றொரு தைல வியாபாரி இருந்தான். ஊரே மணக்க வாசனைத் தைலம் காய்ச்சுவான். ஆனால் மகா கஞ்சன், எச்சில் கையால் காக்கா ஓட்டமாட்டான்.

அவன் மகள் தீர்சாளுக்கு மலைநாட்டில் கல்யாணம் நிச்சயமானது. பெண் வீட்டுத் தைலத்தை மாமியார் மணப்பெண்ணின் தலையில் வார்த்தால்தான் கல்யாணம். அதுதான் அங்கே வழக்கம்.

தைலத்துக்கு மூன்று புது மண்குப்பிகள் வந்தன. புதுக்குப்பி முதலில் தைலத்தைக் குடிக்கும், தெரியுமல்லவா? ஒரு தடவை நிரப்பி ஊறவைத்து, அப்புறம் மறுபடி நிரப்ப வேண்டும். "மண்ணுக்கு எதற்குத் தண்டமாய்த் தைலம்?" என்றான் எலாசா. ஒரே தடவை நிரப்பி, துணியால் வாயைக் கட்டி, கழுதைக்காரன் யோக்தானிடம் கொடுத்தான். தீர்சாள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

செலவுக்குப் பயந்து எலாசா வீட்டிலேயே நின்றுவிட்டான். தீர்சாளும் யோக்தானும் வெயிலில் மலையேறி மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மாமியார் அசுபாள் முதல் குப்பியைத் திறந்தாள். பாதிதான் இருந்தது. இரண்டாவதைத் திறந்தாள், அதிலும் பாதி. மூன்றாவதும் அப்படியே. கூட்டம் முகம் சுளித்தது.

"வழியில் எடுத்தாயா?" என்று யோக்தானை மூன்று தடவை கேட்டாள் அசுபாள். "இல்லை தாயே" என்று மூன்று தடவையும் அழுதான் அவன். "கட்டிவைத்து அடியுங்கள்" என்றாள்.

தீர்சாள் யோசித்தாள். வாயைத் திறந்தால் அப்பாவின் மானம் போகும், கல்யாணமே நின்றாலும் நிற்கும். சும்மா இருந்தால் பாவம், அந்த மனுஷனின் முதுகுத்தோல் உரியும். என்னதான் செய்வாள் சின்னப்பெண்? முக்காட்டை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அவரை விட்டுவிடுங்கள் அத்தை. தைலத்தைக் குப்பிதான் குடித்தது. எங்கப்பா மிச்சம் பிடிக்கப் பார்த்தார். நானும் தெரிந்தே பேசாமல் இருந்துவிட்டேன்."

அசுபாள் ஒரு குப்பியின் தைலத்தைக் கிண்ணத்தில் வடித்தாள். பிறகு குப்பியைக் கல்லில் மோதி உடைத்தாள். ஓட்டுக்குள்ளெல்லாம் தைலம் ஊறியிருந்தது. வீடு முழுக்க மணந்தது. யோக்தானின் கட்டை உடனே அவிழ்த்தார்கள். அவன் அப்படியே தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினான். அசுபாள் தன் கையாலேயே அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

"உங்கப்பன் கஞ்சன் என்று எனக்குத் தெரியும்," என்று மருமகளிடம் சிரித்தாள். "நீயும் எப்படியோ என்று பயந்துகொண்டிருந்தேன். வா, உட்கார்."

கிண்ணத்துத் தைலம் தலையில் இறங்கியபோதுதான் தீர்சாளுக்கு அழுகை வந்தது. அப்பாடா என்று மனசு விட்டு அழுதாள்.

ஆகையால் பிள்ளைகளே, பெரியவர்களே, நம் வீட்டுக் குறையை மறைக்க அடுத்தவர் தலையில் பழி விழ விடக்கூடாது.