அக்கரைக்குக் கேட்ட வாய்ப்பாடு

ஆற்றுக்கு இக்கரையில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொன்னால், அக்கரையில் அரண்மனை உத்தரத்திலிருந்து பல்லி விழும். அப்படி ஒரு பள்ளிக்கூடம் ஒரு நாட்டில் இருந்தது. நாட்டின் பெயர் வேண்டாம். சொன்னால் ஆள் அனுப்பித் தேடுவார்கள்.

சுற்றிலும் ஆள் உயரத்துக்கு ஒரு மண்சுவர், மேலே பனையோலைக் கூரை, தரையில் ஆற்றுமணல். உள்ளே திருமேனி வாத்தியாரும் பதினொரு பையன்களும். அவ்வளவுதான் பள்ளிக்கூடம். வாத்தியார் உரக்க ஒரு வரி சொல்வார், பையன்கள் திருப்பிச் சொல்வார்கள். பதினாறாம் வாய்ப்பாடு வருவதற்குள் தென்னையில் முற்றின காயெல்லாம் தானாக இறங்கிவிடும். தேங்காய் பறிக்க அந்த ஊரில் யாரும் ஆள் கூப்பிட்டதே கிடையாது.

அந்தப் பதினொரு பேருக்கும் சட்டாம்பிள்ளையாக இருந்து, வாத்தியார் இல்லாத நேரத்தில் மற்றவர்களை மிரட்டி வைத்தவன் மருதவாணன். காலம் போய், மருதவாணனுக்கு அறுபது வயது நெருங்கியது. இப்போது அவர் நாட்டின் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் தலைவர். அரசியார் கையால் வாங்கிய சரிகைத் தலைப்பாகையோடு ஒருநாள் காலை ஜீப்பில் வந்து இறங்கினார்.

பழைய சுவருக்குப் பக்கத்தில் பெரிய கட்டடம் எழும்பியிருந்தது. அங்கே ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தார் வாத்தியார். அவருக்கு என்ன வயது என்று ஊரில் யாருக்கும் தெரியாது. கேட்டால், "எண்ணிக்கிட்டிருந்தேன், நடுவுல யாரோ கூப்பிட்டாங்க, விட்டுட்டேன்" என்பார்.

"வாலே சட்டாம்பிள்ளை. தலையில என்ன, தேன்கூடா?"

"தலைப்பாகை அய்யா. அரசியார் கொடுத்தது."

"இறக்கி வையி. பயலுவ கல்லெடுத்து எறிஞ்சிரப் போறானுவ."

மருதவாணன் சிரிக்கவில்லை. தலைப்பாகையை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

"அய்யா, நம்ம நாட்டுல படிப்பு செத்துப்போச்சு."

"எப்பலே? எனக்குச் சொல்லி விடலியே!"

"விளையாடாதீங்க அய்யா. அஞ்சாம் வகுப்புப் பிள்ளைக்கு எட்டேழு தெரியலை. புத்தகப் பையை மாட்டின பிள்ளை மல்லாக்க விழுந்தா ஆமை மாதிரி கிடக்கு. சத்துணவு ஆயா வந்து புரட்டிவிட வேண்டியிருக்கு. ஆளுக்கொரு கம்ப்யூட்டர் பெட்டி வாங்கிக் கொடுத்துப் பார்த்தோம். பெட்டி எல்லாத்தையும் படிச்சு முடிச்சிருச்சு. பிள்ளை அப்படியேதான் இருக்கு."

"அதுக்கு நீ என்ன செய்யப்போறே?"

மருதவாணன் குரலைத் தாழ்த்தினார். அறுவடைத் திருநாளுக்குள் வழி சொல்ல வேண்டும், இல்லையென்றால் தலைப்பாகையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது அரசியாரின் உத்தரவு. மருதவாணனும் ஒரு வழி சொல்லிவிட்டார். பழையபடி ஊருக்கு ஒரு மண்சுவர், உள்ளே பதினொரு பிள்ளைகள். வாசலில் கேட்கும் கேள்விகளில் தேறியவர்கள் உள்ளே வரலாம். மற்றவர்கள் ஆடு மேய்க்கட்டும், கடையில் நிற்கட்டும்.

"கூட்டம் சேர்ந்துச்சு, படிப்பு போயிருச்சு. அன்னைக்கு நாங்க பதினொரு பேர்தானே அய்யா? அக்கரைக்குக் கேட்டுச்சே! அரசியாரே சின்னப் பிள்ளையா மாடத்துல நின்னு கேட்டவங்க. 'அந்தச் சத்தத்தை எனக்கு மறுபடியும் கேட்கவை, நீ சொன்னபடியே நாடு முழுக்கச் செய்கிறேன்'னு சொல்லியிருக்காங்க. நாளைக்குக் காலையில அக்கரைப் படித்துறைக்கு வர்றாங்க."

வாத்தியார் ஒரு பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிட்டார். "அப்ப இன்னைக்கே ஒரு ஒத்திகை பாத்துக்கோ. சுவரு அப்படியேதான் நிக்கி" என்றார்.

சுவருக்குள் சத்துணவுக்கான விறகு அடுக்கியிருந்தது. அதை வெளியே எடுத்துப் போட்டு, புது மணல் பரப்பினார்கள். மருதவாணன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். பழைய பனையோலையின் வாசனை வந்தது. தன்னுடைய இடம் எது என்று கால்களுக்கே தெரிந்திருந்தது. கிழக்கே பார்த்து, சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்தார்.

இதே இடத்தில்தான் வாத்தியார் அவர் விரலைப் பிடித்து மணலில் முதல் எழுத்தை எழுத வைத்தார். வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைத்தால் நகக்கண்ணிலிருந்து மணல் உதிரும். அம்மா திட்டுவாள். அந்தச் சோறு நறநறவென்று எவ்வளவு ருசியாக இருந்தது! பிறகு மணல் போய்ச் சிலேட்டு வந்தது. வேலியில் கோவை இலையைப் பறித்துச் சிலேட்டைத் தேய்த்துத் தேய்த்துக் கையெல்லாம் பச்சை. கடல் தாண்டி வந்தவர்கள் பெஞ்சும் மணியும் கொண்டுவந்தார்கள். அவர்கள் கப்பலேறிப் போன பிறகும் மணி மட்டும் நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது. அப்புறம் நம்மவர்கள் தெருவுக்கு ஒரு பள்ளிக்கூடம் திறந்து, மத்தியானச் சோறும் போட்டார்கள். பிள்ளைகள் ஆற்றில் வெள்ளம் வருவதுபோல் வந்தார்கள். சத்தம் எப்போது நின்றது என்றுதான் மருதவாணனுக்கு நினைவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். பியூன் சங்கிலியைப் பரிசலில் ஏற்றி அக்கரைக்கு அனுப்பினார். "வாய்ப்பாடு காதுல விழுந்ததும் சிவப்புத் துண்டை வீசு. தூங்கிராதே."

"நான் எங்கய்யா தூங்கப்போறேன், பல்லி விழுமே" என்றான் சங்கிலி.

பிறகு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினார். முன்னால் நின்ற சிறுமி கையைத் தூக்கினாள்.

"அய்யா, பதில் சொன்னா என்ன, சொல்லாட்டி என்ன?"

"பதில் சொன்னா உள்ளே வந்து படிக்கலாம். சொல்லாதவங்களுக்கு இன்னைக்கு லீவு."

அங்கேதான் தப்பு நடந்துபோயிற்று. அந்த நிமிஷத்திலிருந்து அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஈரெண்டு எவ்வளவு என்று கேட்டதற்கு, வகுப்பிலேயே முதல் மார்க்கு வாங்குகிறவன் வானத்தைப் பார்த்து யோசித்துவிட்டு "அஞ்சு இருக்கும்" என்றான். ஒருத்திக்குத் தன் பெயரே மறந்துபோயிற்று. தேறாதவர்கள் ஒவ்வொருவராகச் சட்டையைக் கழற்றிக்கொண்டு குளத்துப் பக்கம் ஓடினார்கள். ஜீப்பை அனுப்பிக் கடலைமிட்டாய் வாங்கிவந்து, பதில் சொன்னால் ஆளுக்கு இரண்டு என்று அறிவித்த பிறகுதான் எப்படியோ பதினொரு பேர் தேறினார்கள்.

"அந்தக் காலத்துல மிட்டாய் கேட்டதில்லை அய்யா நாங்க" என்றார் மருதவாணன் மூச்சு வாங்கிக்கொண்டு.

"ஆமாம், கேட்டதில்லை. நீ மட்டும் என் டப்பாவுல இருந்து எடுத்துத் திம்பே."

பதினொரு பேரும் மணலில் உட்கார்ந்தார்கள். மருதவாணனே முன்னால் நின்றார். அடிவயிற்றிலிருந்து இழுத்து, "ஓரொண்ணு ஒண்ணு!" என்றார். பிள்ளைகளும் மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கத்தினார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள். ஒரு இடத்தில்கூடத் தப்பவில்லை. பதினாறாம் வாய்ப்பாடு வந்தது, போனது. சுவர்மேல் உட்கார்ந்திருந்த காக்கை இறகைக் கோதிக்கொண்டிருந்தது. தென்னை அசையவில்லை. மருதவாணன் எட்டி எட்டி ஆற்றைப் பார்த்தார். சிவப்புத் துண்டைக் காணோம்.

மூன்றாவது தடவையும் சொல்லி முடித்தபோது அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. வாசலில் சங்கிலி வந்து நின்றான்.

"ஏன்டா வந்தே?"

"எப்ப ஆரம்பிப்பீங்கன்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன் அய்யா."

மருதவாணன் மணலில் உட்கார்ந்துவிட்டார். விடிந்தால் அரசியார் படித்துறையில் வந்து காத்திருப்பார். பிள்ளைகள் மீதி மிட்டாயையும் வாங்கிக்கொண்டு குளத்துக்கு ஓடினார்கள்.

"அய்யா, அதே சுவர். அதே மணல். அதே வாய்ப்பாடு. அதே பதினொரு பேர். எதுதான் குறையுது?"

வாத்தியார் கையை நீட்டினார். மருதவாணன் அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இருவருமாக வாசலைத் தாண்டி, சுவரைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார்கள். அத்தனை வருஷம் படித்தும் அந்தப் பக்கம் மருதவாணன் வந்ததில்லை.

முதலில் கூரைதான் கண்ணில் பட்டது. உள்ளே தலையை மூடும் அளவுக்கே இருந்த கூரை, வெளியே நாலு முழம் நீண்டு தாழ்வாரம்போல் இறங்கியிருந்தது.

"இந்தப் பக்கம் எதுக்கய்யா இவ்வளவு நீளம்?"

"மழை பெய்யும்லா?"

மருதவாணன் குனிந்து கூரைக்குள் போனார். சுவரின் வெளிப்பக்கம் முழுக்கக் கீறல். ஆணியாலும் ஓட்டுச்சில்லாலும் கீறியவை. தரையிலிருந்து பிள்ளைகள் கை எட்டும் உயரம் வரைக்கும் ஓர் இடம் பாக்கியில்லை. வாத்தியார் வருஷாவருஷம் உள்பக்கத்தை மட்டும் மெழுகி, இதைத் தொடாமல் விட்டிருந்தார்.

மருதவாணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். நாட்டில் வழங்கிய எல்லா எழுத்தும் தெரிந்தவர் அவர். அவற்றில் ஒன்றுகூட இங்கே இல்லை. கொக்கி, சுழி, முட்டை, மீன்முள் மாதிரி ஒன்று.

"இது எந்த ஊர் எழுத்து அய்யா?"

"இந்த ஊருதான். எழுத்தை அவங்க கண்ணால பாத்ததில்லையே. காதுல விழுந்ததை அவங்களா எழுதிக்கிட்டாங்க."

ஓர் இடத்தில் வெறும் கோடுகளாக இருந்தன. மருதவாணன் விரலை வைத்து எண்ணினார். பதினாறு கோடு. அதற்குக் கீழே இன்னொரு பதினாறு. வரிசைகளும் பதினாறு. பதினாறாம் வாய்ப்பாடு. ஒரு கோடு கூடவுமில்லை, குறையவுமில்லை.

"யாரய்யா இவங்க?"

"ஆட்டை விட்டுட்டு வந்தவன். பொதிக்கழுதையை ஓட்டிட்டு வந்தவன். இடுப்புல தம்பியை வச்சுக்கிட்டு வந்தவ. உங்க வீட்டு எருமையைக் குளிப்பாட்டுவானே, அவனும்தான்."

"எத்தனை பேரு?"

"ஆத்துமேடு வரைக்கும் நிப்பாங்க. நீங்க ஒரு வரி சொல்றப்ப அவங்களும் கூடவே சொல்வாங்க. நீ சுவத்துக்கு முதுகைக் காட்டி உக்காந்திருந்தே. உனக்குப் பின்னால இருந்து வந்த சத்தத்தை எல்லாம் உன் சத்தம்னு நினைச்சுக்கிட்டே."

"உள்ளே விட்டிருக்கலாமே அய்யா?"

"உள்ள விட்டிருந்தா, உங்கப்பனும் மத்தவன் அப்பனும் சேந்து அன்னைக்கே சுவரை என் தலையில தள்ளியிருப்பானுவ."

குளத்துப் பக்கமிருந்து தண்ணீரில் குதிக்கும் சத்தம் கேட்டது. மருதவாணன் வெகுநேரம் அந்தக் கோடுகள்மேல் வைத்த விரலை எடுக்கவில்லை.

சங்கிலி மெல்லக் கனைத்தான். "அய்யா, நாளைக்கு அரசியாரை எத்தனை மணிக்கு வரச் சொல்ல?"

"வர வேண்டாம்னு சொல்லு. சுவர் எங்கேயும் கட்டப்போறதில்லைன்னு சொல்லிரு."

"அப்ப உங்க தலைப்பாகை?"

"வாசல் நாற்காலியில இருக்கு. எடுத்துட்டுப் போய்க் கொடுத்துரு."

சங்கிலி அதை எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல், பலாப்பழத்தைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு பரிசலுக்குப் போனான்.

மருதவாணன் வாத்தியார் பக்கம் திரும்பினார். சின்ன வயதில் கேட்க வேண்டியதை இப்போது கேட்கிறவர்போல், கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"அவங்க இங்கே நிக்கிறது உங்களுக்கு அப்பவே தெரியுமா அய்யா?"

வாத்தியார் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க பதினொரு பேரும் என் கைக்கு எட்டுற தூரத்துல இருந்தீங்க. பிறகு யாருக்காகலே நான் அப்படித் தொண்டை கிழியக் கத்தினேன்?"