வெள்ளிப் பூ தெரிந்த கதை

சேற்றில் முழுகி எழும். தான் வெளுப்பாகவே நிற்கும், தன் வீடு மட்டும் கறுத்துப்போகும். அது என்ன? யோசித்துக்கொண்டே கதையைக் கேளுங்கள்.

அந்தக் காலத்தில், காக்கையும் மண்புழுவும் மனிதரோடு வாயாடிக்கொண்டிருந்தபோது, பீதர் கோட்டைக்குப் பக்கத்தில் சப்தர் என்ற உலோக வேலைக்காரர் இருந்தார். சாம்பல் நிற உலோகக் கூஜா ஒன்றில் பூங்கொடி செதுக்கி, அந்தப் பள்ளங்களில் வெள்ளிக் கம்பியை அடித்துப் பதித்தார். கம்பி, அவர் மகள் மெஹரூன் கழற்றிக் கொடுத்த கொலுசை இழுத்துச் செய்தது.

வேலை முடிந்தது. சாம்பல் நிறத்தின் மேல் வெள்ளி. பூ இருப்பதே தெரியவில்லை.

"பொழுது சாய்ந்ததும் கூஜாவை உருக்கிவிடுகிறேன். உன் கொலுசை உனக்கே திருப்பிச் செய்து தருகிறேன்," என்றார் சப்தர்.

"கொலுசு வேண்டாம், அப்பாஜான். பூ தெரிய வேண்டும்."

முன்பொரு நாள் நவச்சாரம் என்ற உப்பு கலந்த சேறு பட்டு இதே உலோகம் கறுத்துப்போனதையும், அதில் இருந்த வெள்ளி கறுக்காததையும் மெஹரூன் பார்த்திருந்தாள். அது எந்த மண் என்பதுதான் தெரியாது. கரிசல் கொண்டுவந்தாள், செம்மண் கொண்டுவந்தாள், குளத்து வண்டலும் கொண்டுவந்தாள். நவச்சாரத்தோடு கொதிக்கவைத்து ஓர் உடைந்த உலோகத் துண்டில் தேய்த்தாள். எதிலும் கறுக்கவில்லை. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

கடைசியில் கோட்டையின் இருட்டறைக்குள் போய்த் தோண்டினாள். ஒரு மண்புழு தலை நீட்டியது.

"கண்ணால் பார்த்தா மண் எடுக்கிறாய்? என்னைப் போலத் தின்று பார். வெயிலும் மழையும் காணாத மண் நாக்கைக் கடிக்கும். நாக்கைக் கடிக்கும் மண்தான் உலோகத்தையும் கடிக்கும்."

மெஹரூன் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டாள்.

"மண் தின்னி! வயிற்றில் மரம் முளைக்கும்!" என்று கத்தியது வாசலில் இருந்த காக்கை.

"முளைத்தால் நீ வந்து கூடு கட்டு," என்று சொல்லித் துப்பிவிட்டு, அடுத்த மூலைக்குப் போனாள். அங்கே எடுத்த மண் சுரீரென்று நாக்கைக் கடித்தது.

அவள் வீடு சேர்ந்தபோது உலை மூண்டிருந்தது. "கொஞ்சம் பொறுங்கள்!" என்று அந்த மண்ணை நவச்சாரத்தோடு கொதிக்கவைத்துக் கூஜாவை முக்கினாள். தூக்கியபோது கூஜா அமாவாசை இருட்டாக இருந்தது. அதன் மேல் பூக்கள் வெள்ளைவெளேரென்று நின்றன. சப்தர் உலையில் தண்ணீரை ஊற்றினார்.

அன்று முதல்தான் பீதரின் வேலைக்காரர்கள் கோட்டை மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்து எடுக்கிறார்கள்.

"கம்பி கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, மகளே. மோதிரமா, மூக்குத்தியா?" என்று கேட்டார் சப்தர்.

கூஜாவின் கழுத்தில் ஒரு மண்புழுவைப் பதிக்கச் சொன்னாள் மெஹரூன்.