அடித்தகட்டில் ஒரு பொட்டு

"எனக்குப் பின்னால வந்தவங்க எல்லாம் காவி கட்டிட்டாங்க. எனக்கு எப்பம்மா?"

ஆயுத பூஜை அன்று காலையில்தான் குழந்தைவேலு இப்படிக் கேட்டார்.

லாரி ஓட்டி ஓய்ந்து, தலை நரைத்த பிறகு மடத்துக்கு வந்தவர். மடத்து வேனுக்கு அவர்தான் டிரைவர். இன்னும் வெள்ளை வேட்டிதான்.

மடத்தை நடத்துகிற தில்லையம்மை அவரைவிட வயதில் இளையவர். ஆனாலும் எல்லாருக்கும் அவர் அம்மா.

அம்மா சந்தனம் குழைத்துக்கொண்டிருந்தார்.

"வண்டி எப்படி இருக்குங்க ஐயா?"

"வண்டியா? கழுவித் துடைச்சு மாலை போட்டாச்சு. புதுமாப்பிள்ளை கணக்கா நிக்குது."

"அடியில?"

"அடியிலயும் தார் பூசிட்டேம்மா. யானை வயிறு மாதிரி கருகருன்னு இருக்கு."

அம்மா மறுபடி சந்தனத்தைக் குழைக்க ஆரம்பித்தார்.

மடம் இருந்தது உப்பளத்து ஓரம். உப்பளத்தில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடுவதுதான் அந்த வேனுக்கு வேலை. வரப்புப் பாதையில் போகும்போதெல்லாம் சக்கரம் உப்புத்தண்ணியை வாரி அடிக்கும். பழைய வண்டி வேறு. இரும்பு என்ன செய்யும், பாவம்.

மறுநாள் விஜயதசமி, புதுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற நாள். உப்பளத்தில் வேலை செய்கிற அஞ்சலையின் மகள் முதல்முதலாகப் பள்ளிக்கூடம் போகிறாள். அதனால் அஞ்சலை பூஜை அன்றைக்கே விடிந்ததும் எலுமிச்சம்பழத்தோடு வந்துவிட்டாள்.

"சாமி, வண்டிக்கு இவ்வளவு பவுசு பண்ணீங்களே, உங்க தாடியைக் கொஞ்சம் சீவக் கூடாதா?"

"போம்மா. உள்ள ஏறி வாழைக்கன்னைக் கட்டு."

"எம்பொண்ணு எங்க உக்காருவா?"

"கடைசி சீட்டு, ஜன்னல் ஓரம். காத்து நல்லா வரும்."

அஞ்சலை அங்கேயே போய் உட்கார்ந்து பார்த்தாள்.

சக்கரத்துக்கு முன்னால் பழம் வைத்தாயிற்று. அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். குழந்தைவேலு முன்கண்ணாடியைக் காட்டினார்.

"இங்க வைங்கம்மா."

"பிள்ளைங்க காலை எங்க வச்சு உக்காருவாங்க ஐயா?"

"இதென்ன கேள்வி? தரையிலதான்."

"அப்ப அந்தத் தரைக்குத்தான் முதல் பொட்டு."

அம்மா ஒரு சாக்கை விரித்தார். மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் நகர்ந்தார்.

"அம்மா, வேணாம்மா. தார் ஒட்டிக்கும்."

அம்மா இன்னும் உள்ளே நகர்ந்தார்.

"அம்மா, நான் வைக்கிறேன். வெளிய வாங்க."

முறுக்கு உடைகிற மாதிரி ஒரு சத்தம்.

வண்டிக்குள்ளே அஞ்சலை அலறினாள்.

"ஐயோ! காலுக்குக் கீழ ஏதோ அசையுது!"

ரப்பர் விரிப்பைத் தூக்கிப் பார்த்தாள். தரையில் ஒரு ஓட்டை. ஓட்டைக்குள்ளிருந்து ஒரு கட்டைவிரல் நீட்டிக்கொண்டிருந்தது. அதில் சந்தனம்.

அம்மா வெளியே வந்தார். விரலைத் துடைக்கவில்லை. சந்தனம், தார், துரு, கூடவே ஒரு கீறலில் ரத்தம். அப்படியே காட்டினார்.

அஞ்சலை இறங்கி வந்தாள். அவள் முகத்தில் இப்போது விளையாட்டு இல்லை.

"ஜன்னல் ஓரம்னு நீங்கதானே சாமி சொன்னீங்க?"

குழந்தைவேலு தரையில் உட்கார்ந்துவிட்டார்.  

"தார் பூசறதுக்கு முன்னால துருவைச் சுரண்டணும்னு எனக்குத் தெரியும்மா. தெரியாதவன் இல்லை. கம்பி பிரஷ்ஷோடதான் படுத்தேன். ஒரு இடத்துல தட்டினேன். பொருக்குப் பொருக்கா உதிர்ந்துது. இன்னும் தட்டினா எதுவரைக்கும் போகுமோன்னு..."

"போகுமோன்னு?"

"பயந்துட்டேன். தாரை எடுத்துப் பூசிட்டேன்."

"இப்ப தெரியுமா, எதுவரைக்கும் போகும்னு?"

"தெரியாதும்மா."

அம்மா எழுந்தார். சாக்கைச் சுருட்டவில்லை. விரித்தபடியே விட்டுவிட்டார்.

"நாளைக்குப் பிள்ளைங்க?" என்றாள் அஞ்சலை.

"நடந்து போவோம். நானும் வர்றேன்."

குழந்தைவேலு சுத்தியலும் பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு அந்தச் சாக்கில் படுத்தார்.

தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு சுரண்டுகிற சத்தம். மடத்தில் பூஜை நடந்தது, பொரி கொடுத்தார்கள், எல்லாரும் சாப்பிட்டார்கள். சத்தம் நிற்கவில்லை. எலுமிச்சம்பழம் நசுங்காமல் சக்கரத்துக்கு முன்னால் அப்படியே கிடந்தது.

வெயில் தாழ்ந்தபோது அஞ்சலைக்கு மனசு கேட்கவில்லை. ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்தாள். அம்மாவும் வந்து பக்கத்தில் நின்றார்.

"சாமி, கோவத்துல கேட்டுட்டேன். வெளிய வந்து இதைக் குடிங்க."

குழந்தைவேலு நகர்ந்து வெளியே வந்தார்.

தாடியில் துரு. இமையில் துரு. நாளெல்லாம் மேலே உதிர்ந்து, வேர்வையில் ஊறி, வேட்டியில் வெள்ளை என்று ஓர் இடம் பாக்கி இல்லை.

அஞ்சலை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அடேயப்பா! காவி கட்டிட்டீங்களே சாமி! யாரு குடுத்தது?"

அம்மா சிரிக்கவில்லை. இரண்டு கையையும் குவித்து அவரைக் கும்பிட்டார்.

குழந்தைவேலு அதைப் பார்க்கவில்லை. அண்ணாந்து தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார். சொம்பைக் கொடுத்துவிட்டு வாயைத் துடைத்தார்.

"அந்தத் தகட்டை வெட்டி எடுத்துட்டுப் புதுசு வைக்கணும். பின்சக்கரத்துப் பக்கம் நான் இன்னும் பார்க்கவே இல்லை."

மறுபடி சாக்கில் படுத்து உள்ளே போனார்.