பரமன் இல்லாமல் திறக்காத மிஷின்

ஆலங்கொம்பு விலக்கில் ஒச்சப்பன், சோணை, மாயழகு என்று மூன்று பேர் கூட்டாக ஒரு பிளக்ஸ் கடை வைத்திருந்தார்கள். முதலை மூவரும் போட்டார்கள். மூளையை யாரும் போடவில்லை.

அன்று காலை அங்கம்மா மூச்சிரைக்க வந்தாள். பன்னிரண்டு மணிக்கு மகளுக்குக் காதுகுத்து. மண்டப வாசலில் தன் படம் போட்ட பிளக்ஸ் இல்லையென்றால் வரமாட்டேன் என்று தாய்மாமன் பரமன் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டான். தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்துவது எப்படி?

"யண்ணே, என் தம்பி கொழுப்பெடுத்தவன். பிளக்ஸ் இல்லேன்னா ஊரு முன்னாடி என் மானம் போயிரும்."

கடைக் கம்ப்யூட்டரில் இருந்தது லினக்ஸ். படம் போடும் மென்பொருளை ஒச்சப்பன் அழுத்தினான். வட்டம் சுற்றியது, நின்றது. ஒரு வரி வந்தது: 'இது ஏற்கெனவே திறந்திருக்கிறது.'

திரையில் ஒன்றையும் காணோம்.

"மிஷினு பொய் சொல்லாது. திறந்துதான் கெடக்கு. இங்க இல்ல, அம்புட்டுதான்," என்றான் மாயழகு.

சோணை பக்கத்து சலூனுக்கு ஓடினான். "எங்க புரோகிராம் இங்க எதுவும் திறந்து கெடக்கா?" சலூன்காரர் கத்தியைக் காட்டினார். கோழிக்கடையிலும் இல்லை. மாயழகு மானிட்டருக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்து, "ஒரு பல்லிதான் இருக்கு. அதுவும் நம்ம பல்லி இல்ல," என்றான்.

லினக்ஸ் ஏற்றிக்கொடுத்த லாரன்ஸுக்குப் போன் போட்டார்கள்.

"புதுசா ஒரு யூசர் உண்டாக்கி, அந்தப் பேர்ல உள்ள போயித் திறந்து பாருங்கண்ணே. திறந்துச்சுன்னா மிஷின் நல்லாருக்கு, கோளாறு பழைய யூசர்கிட்ட."

"என்ன பேரு வைக்க?"

"என்னத்தையாச்சும் வைங்க, பஸ்ஸுல நிக்கிறேன்."

அங்கம்மா வாயில் அன்று முழுக்க ஒரே பேர்தான். பரமன் என்றே வைத்தார்கள். மென்பொருள் பட்டென்று திறந்தது.

"பழைய யூசர்னா யாருடா?"

"நீதாண்ணே."

ஒச்சப்பன் கண் கலங்கிவிட்டது. "பதினோரு வருசமாத் துடைச்சுத் துடைச்சு வச்சேன். கடைசியில கோளாறு எங்கிட்டயா?"

"விடுண்ணே. அது பரமனுக்குத்தான் திறக்குது. பரமனே வரட்டும்."

"அதான் திறந்திருச்சுல்ல, நீங்களே தட்டுங்கய்யா!" என்று அங்கம்மா கத்தினாள்.

"அடுத்தவன் பேர்ல தட்டுனா கேஸாயிரும், தாயி."

மூவரும் பரமன் வீட்டுக்குப் போனார்கள். "ஒங்க பேரைச் சொன்னாத்தான் மிஷின் திறக்குது, மாப்ள. எங்களை மதிக்கவே மாட்டேங்குது."

பரமன் எழுந்து உட்கார்ந்தான். "இந்த ஊருல ஒரு மிஷினுக்காவது ஆளு யாருன்னு தெரிஞ்சிருக்கே!" சீர்த்தட்டு, கிடா, மேளத்தோடு வந்து கடை நாற்காலியில் அமர்ந்தான்.

அவன் எழுந்தால் மென்பொருள் மூடிக்கொள்ளும் என்று மூவரும் அவனை அசையவிடவில்லை. மணி பன்னிரண்டானது. வேறு வழியில்லாமல் அங்கம்மா பிள்ளையைக் கடைக்கே தூக்கிவந்து தம்பி மடியில் வைத்தாள். ஆசாரி அங்கேயே காது குத்தினார். பிள்ளை அலறியது. பிரிண்டர் அதைவிட அலறி இருபதடி பரமனைத் துப்பியது. அங்கம்மா பிள்ளையோடும் பிளக்ஸோடும் மண்டபத்துக்கு ஓடினாள்.

லாரன்ஸ் போனில் கூப்பிட்டான். "வேலை முடிஞ்சுச்சா? அந்தப் புது யூசர் இனிமே வேண்டாம், தூக்கிருங்க."

ஒச்சப்பன் யூசரை நீக்கும் பொத்தானை அழுத்தினான். திரை கேட்டது: 'பரமன் நீக்கப்படுகிறார். அவருடைய கோப்புகளை வைத்துக்கொள்வதா, அழிப்பதா?'

"கோப்புன்னா என்னண்ணே?"

"கொண்டாந்த சாமானாத்தான் இருக்கும்."

"நல்ல கிடா. அழிக்க மனசு வரல."

"அப்ப வச்சுக்கிருவோம்."

பரமனை நாற்காலியோடு தூக்கிப்போய் ரோட்டோரம் வைத்தார்கள். கிடாவை மேசைக்காலில் கட்டினார்கள். ஒச்சப்பன் தன் பேரில் மறுபடி மென்பொருளை அழுத்தினான். 'இது ஏற்கெனவே திறந்திருக்கிறது.'

மூவரும் நெடுநேரம் கிடாவைப் பார்த்தார்கள்.

"சோணை, ஓடு," என்றான் ஒச்சப்பன். "இதுக்குப் பேரு என்னன்னு பரமன்கிட்டக் கேட்டுட்டு வா."