விசில் ஊதாத காலை

இந்தக் கதையை நான் பல வருடங்களாக நம்பவில்லை. நம்பாமலே பலருக்குச் சொல்லியும் வந்திருக்கிறேன்.

எனக்குச் சொன்னவர் பொய் பேசுகிறவர் அல்ல. கோமளவல்லி டீச்சர். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் பள்ளியில் எனக்கு மூத்தவர். அதற்கு முன்பு அவர் வேலை பார்த்த பெண்கள் பள்ளியில் நடந்தது இது.

ஒரே ஒரு இடம்தான் எனக்கு இடித்தது.

*

ஒரு மாலை கோமளவல்லி டீச்சர் தலைமையாசிரியையின் அறைக்குப் போய் நின்றார். தலைமையாசிரியையின் பெயர் தெய்வானை. அதிகம் பேசாதவர்.

"மேடம், நம்ம பிள்ளைங்களுக்குத் தலைமைப் பண்பு வராது."

மேடம் ஏன் என்று கேட்கவில்லை. எதிரில் இருந்த நாற்காலியைக் காட்டினார்.

டீச்சர் உட்காரவில்லை. நின்றபடியே அடுக்கினார். வாரம் ஒரு வகுப்பு எடுக்கிறார். தலைவிக்கு உரிய குணங்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். வகுப்புக்கு ஒரு தலைவி உண்டு, தலைவிக்கு ஒரு பேட்ஜ் உண்டு. ஆனால் மழைச்சாரல் அடித்தால் ஜன்னலைச் சாத்துவதற்குக்கூட டீச்சரின் முகத்தைப் பார்க்கிறார்கள்.

இதெல்லாம் முன்னுரைதான். வந்த காரியம் வேறு.

பள்ளி நெடுஞ்சாலையின் ஒரு பக்கம். விடுதி மறுபக்கம். நடுவில் நாளெல்லாம் கிரானைட் கல் ஏற்றிய லாரிகள். நடைபாலம் வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது வரும்வரை டீச்சரின் விசில்தான் பாலம். விடுதி வாசலில் நின்று அவர் ஊதினால் பிள்ளைகள் கடப்பார்கள். ஊதாவிட்டால் நிற்பார்கள்.

அவர் விடுப்பில் இருந்த ஒரு நாளில் அஞ்சலை என்ற பிள்ளையின் கால் ஒடிந்தது. அவள் இன்றும் சாய்ந்துதான் நடக்கிறாள்.

"ஜூன்ல எனக்கு மாறுதல் வந்துடும் மேடம். அப்புறம் இதுங்களை யாரு ரோட்டைத் தாண்ட வைப்பா?"

ஒரு காவலரை வேலைக்குப் போடவேண்டும் என்று கேட்கத்தான் அவர் வந்திருந்தார்.

மேடம் கையை நீட்டினார்.

"விசிலைக் குடுங்க."

"யார்கிட்ட குடுக்கப் போறீங்க?"

"யார்கிட்டயும் இல்ல."

*

மறுநாள் காலை மேடம் டீச்சரை விடுதிப் பக்கம் போகவிடவில்லை. பள்ளி வாசலை ஒட்டி ஒரு டீக்கடை. அதற்குள் கூட்டிப்போனார்.

கடை முகப்பில் ஒரு வாழைத்தார் தொங்கியது. அதற்குப் பின்னால் நின்றுகொள்ளச் சொன்னார். தான் உள்ளே போய், சாலைக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

ஒரு டீ சொன்னார்.

எதிர்ப்பக்கம் பிள்ளைகள் வந்து வரிசையாக நின்றார்கள். டீச்சரைத் தேடினார்கள். சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு முதுகு மட்டும் தெரிந்தது. அது யாருடைய முதுகு என்று எல்லாருக்கும் தெரியும்.

லாரிகள் போயின. பிள்ளைகள் நின்றார்கள்.

பள்ளியில் முதல் மணி அடித்தது. பிள்ளைகள் நின்றார்கள்.

"மேடம், திரும்பிப் பாருங்க."

"நீங்கதான் பாக்கறீங்களே."

"ஏதாவது ஆயிட்டா?"

மேடம் வியர்வையில் நகர்ந்திருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்தார். நடு நெற்றியில் பார்த்து ஒட்டிக்கொண்டார்.

டீச்சருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பொட்டு வைக்கிற நேரமா இது?

அவர் மறுபடி சாலையைப் பார்த்தார். பிறகு கடைசிவரை கண்ணை எடுக்கவே இல்லை.

*

மறுபக்கம் நடந்த பேச்சு டீச்சருக்குப் பிறகு பிள்ளைகள் சொல்லித்தான் தெரியும்.

பேட்ஜ் போட்டவர்கள் முன்னால் போகட்டும் என்று பின்வரிசை சொன்னது. பேட்ஜ் போட்டவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பள்ளித் தலைவி பூங்கோதை, பேச்சுப் போட்டிக்கும் கொடியேற்றத்துக்கும்தான் தான் தலைவி, ரோட்டுக்கு இல்லை என்றாள்.

இரண்டாவது மணியும் அடித்தது.

அப்போது விடுதிக்குள்ளிருந்து மாதம்மாள் வந்தாள். ஒரு சடையில் ரிப்பன் இருந்தது. இன்னொரு சடைக்கான ரிப்பன் வாயில் இருந்தது.

அவள் தினமும் தாமதம். தினமும் வகுப்புக்கு வெளியே நிற்பாள். நேரத்துக்கு வராதவள் எதற்கும் தலைவி ஆகமாட்டாள் என்று அவளைக் காட்டியே டீச்சர் பாடம் நடத்தியிருந்தார்.

ஏன் எல்லாரும் நிற்கிறீர்கள் என்று கேட்டாள். விசில் இல்லை என்றார்கள்.

மாதம்மாள் ரிப்பனை வாயிலிருந்து எடுத்தாள்.

"எனக்கு என்னைக்குடி விசில் ஊதியிருக்காங்க?"

உண்மைதான். அவள் வரும்போது டீச்சர் எப்போதோ பள்ளிக்குள் போயிருப்பார். அந்தப் பள்ளியில் தினமும் தானாகச் சாலையைக் கடந்தவள் அவள் ஒருத்திதான்.

அவள் இடப்பக்கம் காதைக் கொடுத்து நின்றாள். அங்கே ஒரு மேடு இருந்தது. கல்வண்டி அதில் ஏறும்போது கியர் மாற்றி முக்கும். பின்னால் வருகிற வண்டிகளும் வேகம் குறையும்.

முக்கல் கேட்டது. வலப்பக்கம் ஒரு பார்வை. இறங்கி நடந்தாள்.

பாதிச் சாலையில் திரும்பிப் பார்த்தாள். அத்தனை பேரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் ஆறாம் வகுப்புக் குட்டிகள். அவர்களுக்கு நடுவில் அஞ்சலை.

மாதம்மாள் திரும்பி வந்தாள்.

"நீ கத்தறதுல ஃபர்ஸ்ட் பிரைஸ்தானே?" என்று பூங்கோதையிடம் கேட்டாள். "நான் கையைத் தூக்குனதும் கத்து."

"என்னன்னு?"

"வரவேற்புரையா படிக்கப் போற? நில்லுன்னு கத்து."

உயரமானவர்களை இரண்டு ஓரங்களுக்கும் போகச் சொன்னாள். குட்டிகளை நடுவில் விட்டாள். அஞ்சலையின் கையைப் பிடித்து எல்லாருக்கும் முன்னால் நிறுத்தினாள். அஞ்சலை, தான் மெதுவாகத்தான் நடப்பேன், கடைசியில் வருகிறேன் என்றாள்.

"அதான் முன்னால நிக்கற. உன்னை யாரும் தாண்டக் கூடாது."

முக்கல் கேட்டது. கை உயர்ந்தது. பூங்கோதை கத்தினாள். கொடியேற்ற நாளில்கூட அவளுக்கு அப்படி ஒரு குரல் வந்ததில்லை.

மேட்டின் தலையில் கல்வண்டி நின்றது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி ஏதோ திட்டினார். பிறகு தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். எதிர்த்திசையில் வந்த பஸ்ஸும் நின்றது.

ஒரு சாய்ந்த நடைக்குப் பின்னால் விடுதி முழுதும் சாலையைக் கடந்தது.

வாழைத்தாரைப் பிடித்திருந்த டீச்சரின் கை அப்போதுதான் விட்டது.

கடைக்குள்ளிருந்து மேடத்தின் குரல் கேட்டது. முதுகு அசையவில்லை.

"ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒண்ணு செருப்பை நடுரோட்டுல விட்டுட்டு வந்துடுச்சு. எடுக்க ஓடப்போகுது. பிடிங்க."

டீச்சர் பாய்ந்து அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்தார்.

செருப்பு சாலையின் நடுவில்தான் கிடந்தது.

மாதம்மாள் பள்ளி வாசலுக்கு வெளியே, தாமதமாக வந்தவர்கள் நிற்கிற இடத்தில், பழக்கத்தில் போய் நின்றுகொண்டாள். டீச்சர் அவளுடைய இன்னொரு சடையைப் பின்னி, ரிப்பனைக் கட்டி, உள்ளே அனுப்பினார்.

மேடம் எழுந்து வந்து விசிலைத் திருப்பிக் கொடுத்தார். அதன் கயிறு அவர் விரலில் இறுகச் சுற்றியிருந்தது. பிரித்து எடுக்க நேரம் பிடித்தது. விரல் வெளுத்திருந்தது.

பெஞ்சில் டீ ஆடை படிந்து அப்படியே இருந்தது.

*

இதுதான் கதை. ஜூனில் டீச்சர் மாறுதலில் வந்துவிட்டார். காவலர் யாரையும் போடவில்லை. அதற்குப் பிறகு அந்தச் சாலையில் எந்தப் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று கேள்விப்பட்டாராம்.

பிள்ளைகள் கடந்ததை நான் நம்பினேன். மாதம்மாளை நம்பினேன். அவளைப் போன்றவர்களை என் வகுப்புகளிலும் வெளியே நிறுத்தியிருக்கிறார்கள்.

அந்த முதுகைத்தான் நம்ப முடியவில்லை.

காலொடிந்த ஒரு பிள்ளை அந்த வரிசையிலேயே நிற்கும்போது ஒரு தலைமையாசிரியை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாரா? என்னால் முடியாது. என்னால் முடியாததை யாராலும் முடியாது என்று நினைப்பது என் புத்தி. அந்தப் புத்தியையும் சந்தேகித்துப் பார்த்தேன். அப்போதும் அந்தச் செருப்பு இடித்தது.

டீச்சருக்கு அதில் குழப்பமே இல்லை. "அவங்க ஞானி. முதுகுலயும் கண்ணு இருந்தது" என்பார்.

டீச்சர் ஓய்வுபெற்றுவிட்டார். இந்தப் பொங்கலுக்குப் பார்க்கப் போயிருந்தேன். கேட்காமலே மறுபடி சொன்னார். அதே வாழைத்தார், அதே முக்கல். பொட்டு வைத்த இடம் வந்ததும் எப்போதும்போல் தன் நடு நெற்றியைத் தொட்டுக் காட்டினார். இம்மிகூட விலகாமல் ஒட்டிக்கொண்டார் என்றார். அந்தக் கோபம் அவருக்கு இன்னும் முழுதாகத் தீரவில்லை.

அவர் விரல் நெற்றியில் இருக்கும்போதே கேட்டேன்.

"டீச்சர், அந்தக் கடைச் சுவரில் கண்ணாடி மாட்டியிருந்ததா?"