ஆமைக்குளம் பள்ளிக்கூடத்துப் பாஸ்வேர்டு

எங்கள் ஆமைக்குளம் பள்ளிக்கு இன்டர்நெட் சொல்லிக்கொடுக்க வந்தவரே, எல்லாம் உம்மால் வந்தது. நான் பழைய இரும்பு வியாபாரி. பேரம் பேசியே பிழைத்தவன். என் மகள் படிக்கிற பள்ளி என்று ஆபீஸ் ஆபீஸாக ஏறிச் சண்டை போட்டு வாங்கிய இணைப்பு அது. வெள்ளிக்கிழமை அதிகாரி முன்னால் ஒரு பாடம் நடத்திக் காட்டாவிட்டால் பக்கத்து ஊருக்குப் போய்விடும்.

நீர், "பாஸ்வேர்டு யாருக்கும் தெரியக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டீர்.

ஹெட்மாஸ்டர் குழந்தைவேலு கம்ப்யூட்டர் பெட்டியில் அதைத் தட்டும்போது எல்லோரும் சுவரைப் பார்த்து நின்றார்கள். பாடம் முடியும்வரை ஒருவரும் திரும்பவில்லை.

புதன்கிழமை கணக்கு டீச்சர் பிலோமினா கேட்டார்: "யாருக்கும் தெரியக் கூடாதென்றால், உங்களுக்கு மட்டும் தெரியலாமா சார்?"

குழந்தைவேலுவுக்கு முகம் வெளிறிவிட்டது. "நான் யாரிடமும் சொல்லவில்லையே டீச்சர். மனசுக்குள்தான் சொல்லிக்கொண்டேன்."

"மனசுக்குத் தெரிந்துவிட்டதே" என்றார் தமிழய்யா அருணகிரி.

ஹெட்மாஸ்டர் அதை மறந்தே தீரவேண்டும் என்று முடிவானது. வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்ல வைத்தார்கள். கொடிக்கம்பத்தைச் சுற்றி ஓட வைத்தார்கள்.

"மறந்தாச்சா சார்?"

"எதை?"

"பாஸ்வேர்டை."

"கெடுத்தீர்களே டீச்சர், ஞாபகம் வந்துவிட்டது."

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன் சார், தெரிஞ்சவரே தட்டிப் பாடத்தை நடத்தக் கூடாதா?" என்றேன்.

"அண்ணாச்சி, இதெல்லாம் படித்தவர்கள் விஷயம்" என்றார் தமிழய்யா.

வியாழன் சாயங்காலம் ஒருவழியாக மறந்தார். லட்டு கொடுத்தார்கள்.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்து உட்கார்ந்தார். 'பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?' என்று திரை கேட்டது. "பெட்டிக்கே சேதி எட்டிவிட்டது" என்று பூரித்து, ஆமாம் என்று அழுத்தினார்கள். திறப்பதற்கான எண் உம்முடைய போனுக்கு வந்தது. பதிவில் உம் நம்பரைத்தானே கொடுத்திருந்தீர். நீரும் கூப்பிட்டு எண்ணைச் சொல்ல ஆரம்பித்தீர். பிலோமினா காதைப் பொத்தினார். "நம்மைச் சோதிக்கிறார்" என்று சொல்லி ஹெட்மாஸ்டர் போனை வைத்துவிட்டார்.

அதிகாரி எழுந்து கைகொடுத்தார். "இத்தனை பத்திரமான இணைப்பை நான் எங்கும் பார்த்ததில்லை. இது இங்கேயே இருக்கட்டும். திங்கள்கிழமை சுற்றுவட்டாரத்து வாத்தியார்கள் எல்லோரும் உங்களிடம் வந்து கற்றுக்கொள்வார்கள்."

வருகிறவர்களுக்குக் காதில் அடைக்கப் பஞ்சு வேண்டுமாம். மொத்த விலைக்குப் பேசித் தரச் சொல்லி எங்கள் வாத்தியார்கள் என் கடை வாசலில் நிற்கிறார்கள். ஐயா, திங்கள் விடிவதற்குள் நீரே நேரில் வந்து, வாயைத் திறக்காமல், அந்தப் பெட்டியைத் திறந்துவிட்டுப் போம்.